402 மீட்டரில் கருகிய கிளட்ச்: கொட்டகையில் வைத்து மாற்றிய விதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. பகலெல்லாம் வெள்ளியோடு போய்விடும். ராத்திரி சாப்பிட்ட கையோடு கொண்டலாம்பட்டிக்குக் கிளம்பிவிடுவேன். அங்கே மாமாவின் கொட்டகையில்தான் என் கார் நிற்கிறது. மாமா முப்பது வருசத்துக்கு மேல் லாரி மேஸ்திரியாக இருந்தவர். சங்ககிரி லாரிகளுக்குக் கிளட்ச் இறக்கி ஏற்றியே தோள்பட்டை தேய்ந்த மனுஷன். இப்போது வேலை செய்வதில்லை, ஆனால் வேலை நடக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காராமல் இருக்கவும் முடிவதில்லை.

கார், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ, ஐந்து கியர், 150 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை. நாலு கதவு இருப்பதால் இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஒருமுறை இரண்டாவது கியரை மிதித்துக் காட்டினால் பேச்சு நின்றுவிடும். கம்பெனி கொடுத்த டார்க் (முறுக்கு விசை) 210 நியூட்டன் மீட்டர். நான் எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து மாற்றியபிறகு அது முந்நூறை நெருங்குகிறது. அந்த வண்டியை இரண்டு வருசம் 402 மீட்டர் டிராக் ஓட்டங்களுக்கு, அதாவது நின்ற இடத்திலிருந்து கால் மைல் நேராகப் பறக்கும் போட்டிகளுக்கு, கொண்டுபோனேன். கிளட்ச் தீய்ந்தது அதனால்தான். வண்டியைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். காரும் நானும் சேர்ந்து சுமார் 1,400 கிலோ. நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகம் வரும்வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டே பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சுற்று மாறாமல் இருந்தால், கார் எவ்வளவு இயக்க ஆற்றலைப் பெறுகிறதோ ஏறக்குறைய அதே அளவு கிளட்சில் வெப்பமாக இறங்கும். சுமார் 86 கிலோ ஜூல். கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. அடுப்பில் சில நிமிஷம் ஆகும் அந்த வேலை, கிளட்ச் தட்டின் மேல் ஒன்றிரண்டு நொடியில் நடந்துவிடுகிறது. டயர் சுழன்றால் கொஞ்சம் அங்கே போகும், அவ்வளவுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: போனது கிளட்ச் தானா? சமதளத்தில் நேரான ரோடு பார்த்து, நாலாவது கியரில் 2,000 சுற்றில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி மேலே போய், வேகம் அதோடு சேர்ந்து வராமல் பின்தங்கினால் தட்டு வழுக்குகிறது. டர்போ வண்டியில் இது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் டார்க் கீழ்ச்சுற்றிலேயே வந்துவிடும். முதல் கியரில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. மாறாக, பெடலை முழுக்க மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழுந்தால் அது வேறு நோய். தட்டு விடவில்லை என்று அர்த்தம். அதற்கு ஹைட்ராலிக் பக்கம் பாருங்கள். இந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் ஒரே டப்பாவிலிருந்துதான் போகிறது. டப்பாவில் அளவு இறங்கியிருந்தால் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் ஒழுகல் எங்கே என்று தேடுங்கள்.

வாசனையை மட்டும் நம்பாதீர்கள். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் இறங்கினால் இதே தீய்ந்த வாசம் வரும், அது பிரேக். நான் ஒருமுறை முன்னால் போன லாரியின் பிரேக்கை முகர்ந்துவிட்டு என் கிளட்ச் போய்விட்டது என்று ஓரங்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இறக்குவது

சமமான சிமென்ட் தரை, நல்ல ஸ்டாண்டுகள், மேலே எஞ்சினைத் தாங்க ஒரு செயின் பிளாக் அல்லது குறுக்குக் கம்பி. இது மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். கியர்பாக்ஸ் மவுன்ட்டைக் கழற்றியவுடன் எஞ்சினின் ஒரு பக்கம் அந்தரத்தில் தொங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவனோடு மாமா பேசவே மாட்டார். இன்னொன்று, எங்கள் ஊர் வெயிலில் பகலில் இந்த வேலை செய்தால் ஸ்பேனரைத் தொட முடியாது. ராத்திரி வேலைதான் சரி. பத்து மணிக்கு ஒரு தட்டுவடை செட், பன்னிரண்டுக்கு ஒரு டீ.

பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி மூன்றையும் எடுத்துவிட்டால் கியர்பாக்ஸின் தலை தெரியும். கியர் கேபிள்களின் நீள அட்ஜஸ்ட்டரைத் தொடாமல், முனையில் இருக்கும் நெம்புகோலோடு சேர்த்துக் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். அட்ஜஸ்ட்டரைத் தொட்டால் பிறகு கியர் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் தேட வேண்டும். ரிவர்ஸ் சுவிட்ச், வேக சென்சார் ஒயர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார், இவையெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

பெடலை மிதிக்கும் அழுத்தத்தை வாங்கி கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் இந்த கியர்பாக்ஸில் வெளியே இருக்கிறது, இரண்டே போல்ட். பைப்பைக் கழற்றாமல் அப்படியே தூக்கி மேலே கட்டிவிடலாம். கட்டியபிறகு பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தங்கச்சி பையன் சின்னவன் டிரைவர் சீட்டில் ஏறி வாயால் புர்ர் என்று ஓட்டிக்கொண்டே பெடலை மிதித்தான். பிஸ்டன் துள்ளி விழுந்து, டாட் 4 பிரேக் ஆயில் ஃபெண்டர் மேல் தெறித்தது. அந்த ஆயில் பெயின்ட்டைத் தின்னும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவியும் ஒரு உள்ளங்கை அளவுக்கு மங்கிப் போய்விட்டது, இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் முதல் வேலையாகப் பெடலுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துக் கயிறு போட்டுவிடுகிறேன்.

கியர் ஆயிலை வடிப்பதற்கு முன், ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் 17 எம்எம் ஆலன் கீ. வடித்துவிட்டு, ஊற்றும் பிளக் இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால் ஆயில் இல்லாத வண்டியோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஆக்ஸில்களை உள்பக்க ஃபிளேஞ்சில் கழற்றி மேலே கம்பியால் கட்டிவிடுங்கள். கீழே தொங்க விட்டால் வெளிப்பக்க ஜாயின்ட் கெடும். அந்த போல்ட் தலைகள் பன்னிரண்டு முனை நட்சத்திரம். பார்க்க ஆறு முனை டார்க்ஸ் மாதிரியே இருக்கும், பிட் உள்ளே போகவும் செய்யும், திருப்பினால் தலை வழித்துக்கொண்டு போய்விடும். சரியான பிட்டை வாங்கி, குழிக்குள் இருக்கும் கிரீஸையும் மண்ணையும் ஊசியால் நோண்டி எடுத்து, சுத்தியால் ஒரு தட்டு தட்டி உட்கார வைத்த பிறகு திருப்புங்கள்.

அடியில் எஞ்சினையும் சப்ஃப்ரேமையும் இணைக்கும் எலும்பு வடிவ மவுன்ட், இடது பக்க கியர்பாக்ஸ் மவுன்ட், அப்புறம் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் மணி வடிவ முகப்பு) போல்ட்கள். ஒரு அட்டையில் பெல் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள், நீளம் ஒவ்வொன்றும் வேறு. எல்லாம் கழற்றியாயிற்று, ஆனாலும் பாக்ஸ் பிரியவில்லை என்றால் கடப்பாரையைத் தேடாதீர்கள். வலது பக்க ஆக்ஸில் ஃபிளேஞ்சுக்குப் பின்னால், ஃபிளைவீலின் (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) ஓரத்தை மூடிக்கொண்டு அரை நிலா வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைப் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டை எல்லோரும் மறப்பார்கள். நானும் மறந்தேன். முக்கால் மணி நேரம் ஆட்டிப் பார்த்தபிறகு மாமா நாற்காலியிலிருந்தே கேட்டார்: "எல்லா போல்ட்டும் எடுத்துட்டியா மாப்ள, இல்ல எடுத்ததா நெனச்சுட்டியா?"

பாக்ஸ் நாற்பது கிலோவுக்கு மேல் வரும். எஞ்சினின் இடது பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினால்தான் சேஸிஸைத் தாண்டி வெளியே வரும். தனியாகச் செய்யாதீர்கள்.

பழைய தட்டைப் பாருங்கள்

பாக்ஸ் தரைக்கு வந்தவுடன் புது கிளட்ச் பெட்டியைப் பிரிக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நிறுத்துங்கள். பழைய தட்டையும், அதை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் விளக்குக்கு அடியில் வைத்துப் பத்து நிமிஷமாவது பாருங்கள். எதனால் போனது என்று அதில்தான் எழுதியிருக்கும். இந்த வேலையில் நான் முக்கியம் என்று நினைப்பது இந்தப் பத்து நிமிஷம்தான். போல்ட் கழற்ற யாருக்கும் வரும்.

கொலுசு வேலையில் நாங்கள் எஃகு அச்சுக்குப் பதம் ஏற்றுவோம். சூடு ஏறஏற எஃகின் மேல் நிறம் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். நீலம் என்றால் ஏறத்தாழ 300 டிகிரி. என் பிரஷர் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தபோது, மயில் கழுத்து நிறத்தில் திட்டுத் திட்டாக நீலம். வட்டம் முழுக்க இல்லை, மூன்று இடத்தில் மட்டும். அப்படியானால் தட்டு முகம் முழுக்கச் சமமாகப் பிடிக்கவில்லை. அந்த மூன்று இடங்கள் மேடாகி, சூட்டை எல்லாம் அவை மட்டுமே வாங்கியிருக்கின்றன. நகத்தை வைத்து இழுத்தால் மயிரிழை வெடிப்புகள் தட்டுப்பட்டன. தட்டின் மேல் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. ஆனால் லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் வரைக்கும் தேயவில்லை! தேய்மானத்தால் போகவில்லை, சூட்டில் கண்ணாடியாகிப் பிடிமானம் செத்துவிட்டது. இதே தட்டு ரிவெட் வரை சமமாகத் தேய்ந்திருந்தால் அது வயது. ஆயில் நனைந்து கறுத்திருந்தால் எஞ்சினின் பின் சீலையோ கியர்பாக்ஸ் முன் ஷாஃப்ட் சீலையோ பார்க்க வேண்டும், அதை மாற்றாமல் புதுத் தட்டு போடுவது காசைக் கொளுத்துவது.

அடுத்து ஃபிளைவீல். இந்த வண்டியில் இரட்டை நிறை ஃபிளைவீல் வருகிறது. இரண்டு தட்டு, நடுவே ஸ்பிரிங், உள்ளே கிரீஸ். கையால் பிடித்து முறுக்கினால் கொஞ்சம் சுதந்திரமாகத் திரும்பி, அப்புறம் ஸ்பிரிங் எதிர்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் கடகடவென்று ஆடினாலோ, ஓரத்தில் கிரீஸ் கசிந்து வட்டமாகத் தெறித்திருந்தாலோ முடிந்தது. என்னுடையதில் கிரீஸ் தெறித்திருந்தது. லாஞ்ச் எடுக்கும் (எஞ்சினைச் சுற்ற விட்டுச் சட்டென்று கிளட்சை விட்டுக் கிளம்பும்) ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பிரிங் முட்டுச்சந்தில் போய் இடித்தால் வேறு என்ன ஆகும்?

இரட்டை நிறை ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து முகம் எடுக்கலாமா, அதாவது மேற்பரப்பைச் சீவலாமா என்று கேட்பார்கள். எடுக்காதீர்கள். நான் பழைய ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்களின் சாமான்களான ஜி60 வகை ஒற்றை நிறை ஃபிளைவீலும் விஆர்6 வகை 228 எம்எம் கிளட்சும் போட்டேன். இந்த கியர்பாக்ஸுக்கு அது பலர் போட்டுப் பார்த்த ஜோடி. ஒற்றை நிறை ஃபிளைவீலை லேத்தில் போடலாம். எங்கள் பக்கத்து லேத் அண்ணன் லாரி ஃபிளைவீல்களுக்கே முகம் எடுப்பவர், இது அவருக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி. ஆனால் டயல் கேஜ் வைத்து, ஆடாமல் நேராகச் சுற்றுகிறதா என்று பார்க்காமல் வெட்ட ஆரம்பிக்கக் கூடாது என்று நான் பக்கத்திலேயே நின்றேன். எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவுதான் எடுக்க வேண்டும், பிறகு பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். லாரிக்குச் செய்வது மாதிரி பழைய தட்டுக்கே புது லைனிங் ரிவெட் அடித்துத் தரவா என்றும் கேட்டார். லாரிக்குச் சரி. 6,000 சுற்று சுற்றும் தட்டுக்கு அது வேண்டாம்.

செராமிக் வில்லைகள் பதித்த பட்டன் தட்டு போடவில்லையா என்று கேட்கிறவர்களுக்கு: போடவில்லை. பட்டன் தட்டு பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது, நடுவே ஒன்றும் கிடையாது. டிராக்குக்கு அருமை. ஆனால் நான் இதே வண்டியில் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போகிறவன். கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்று, ஏற்றத்தில் மெல்ல எடுக்க வேண்டி வந்தால் பட்டன் தட்டு காரைத் தவளையாக்கிவிடும். கனமான பிரஷர் பிளேட், சாதாரண ஆர்கானிக் லைனிங். எனக்கு அது போதும்.

பாக்ஸ் வெளியே இருக்கும்போது மாற்றியே ஆக வேண்டியவை: ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட்டைத் தள்ளித் தட்டை விடுவிப்பது), அது நகரும் கைடு குழாய், அதைத் தள்ளும் ரிலீஸ் நெம்புகோல். நெம்புகோலைத் திருப்பிப் பாருங்கள். உருண்டை பிவட்டின் மேல் உட்காரும் குழி மெலிந்து மெலிந்து ஒருநாள் ஓட்டையாகிவிடும், அன்றைக்குப் பெடல் தரையோடு போய்விடும். என்னுடையதில் குழி காகிதம் மாதிரி இருந்தது. போன தடவை ஒரு கடையில் பேரிங்கை மலிவாகக் கொடுத்தார்கள் என்று வாங்கிப் போட்டேன். மூன்று மாதத்தில் கத்த ஆரம்பித்தது. அந்தப் பேரிங்கில் மிச்சம் பிடித்த காசுக்காக இதே கியர்பாக்ஸை மறுபடி இறக்கினேன்.

முன்சக்கர வண்டியை டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இந்த 02ஜே கியர்பாக்ஸில் டிஃப்ரென்ஷியலின் (இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பெரிய கியர் ரிவெட் அடித்துத்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சுழன்று திடீரென்று பிடிக்கும்போது அந்த ரிவெட் அறுந்து, பாக்ஸின் கூட்டையே உடைத்துக்கொண்டு வெளியே வருவது உலகம் முழுக்க இந்த வண்டிக்காரர்கள் அறிந்த கதை. ரிவெட்டுக்குப் பதில் போல்ட் கிட் கிடைக்கிறது. பாக்ஸ் வெளியே இருக்கும்போதே தெரிந்த கியர்பாக்ஸ்காரரிடம் கொடுத்துப் போட்டுவிட்டேன். அதை நானே திறக்கவில்லை, அவ்வளவு துணிச்சல் இல்லை.

ஏற்றுவது

ஃபிளைவீல் போல்ட் எப்போதும் புதிது. இறுக்கும்போது நீளும் வகை, ஒருமுறைதான். இரட்டை நிறைக்கு வேறு நீளம், ஒற்றை நிறைக்கு வேறு நீளம், பழையதோடு ஒப்பிட்டு வாங்கினால் தப்பாகும். குறுக்கு நெடுக்காக 60 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் கால் சுற்று. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையின் அனுபவத்தில் இறுக்குவேன் என்று மாமா சொன்னார். அவர் லாரிக்கு அப்படித்தான் செய்வார். நான் ரெஞ்ச்சை வைத்து அளந்து காட்டினேன், அவர் கை 60க்கு 58 இருந்தது. அதிலிருந்து அவரோடு இந்த விஷயத்தில் நான் வாக்குவாதம் செய்வதில்லை. ஆனால் ரெஞ்ச்சை எடுக்காமலும் இல்லை.

புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப் பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பிரேக் கிளீனர் அடித்து, நூல் பிரியாத வெள்ளைத் துணியால் துணி வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். ஃபிளைவீல் முகத்தையும் அப்படியே. அதன்பிறகு அந்த முகங்களை விரலால் தொடக் கூடாது. வெள்ளிக்கு மெருகு போட்டபிறகு தொட்டால் எங்கள் பட்டறையில் திட்டு விழும், அதே சட்டம் இங்கேயும்.

தட்டைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். ஜெர்மன் தட்டுகளில் ஒரு பக்கம் 'கெட்ரீபஸைட்டே' என்று அச்சிட்டிருக்கும், கியர்பாக்ஸ் பக்கம் என்று அர்த்தம். ஸ்பிரிங் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும் பக்கமும் பொதுவாக அதுதான். நடுவில் நிறுத்த அலைன்மென்ட் கருவி தட்டோடு வந்தால் நல்லது. எனக்கு வரவில்லை. லேத் அண்ணன் இன்புட் ஷாஃப்ட் (தட்டின் நடுவே நுழையும் கியர்பாக்ஸ் தண்டு) அளவுக்கு ஒரு வேப்பங்கட்டையைக் கடைந்து கொடுத்தார். பிரஷர் பிளேட் போல்ட்களை ஒவ்வொன்றாக முழுக்க இறுக்காமல், எதிரெதிராக ஒவ்வொரு சுற்றாக இறுக்கி, கடைசியில் 20 நியூட்டன் மீட்டர். ஒரே பக்கமாக இறுக்கினால் கவர் வளைந்துவிடும், அப்புறம் கிளட்ச் நடுங்கும்.

இன்புட் ஷாஃப்டின் பற்களில் கிரீஸ் மிளகளவு. தட்டை ஒருமுறை கையால் ஏற்றி இறக்கி, வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுற்றும்போது தெறித்துப் புதுத் தட்டின் மேலேயே போய் உட்காரும்.

இப்போது பாக்ஸை உள்ளே தள்ளும் நேரம். எல்லோரும் பொறுமை இழக்கும் இடமும் இதுதான். ராத்திரி பதினொன்றரை. நான் கீழே படுத்து ஜாக்கியின் மேல் பாக்ஸை ஏந்திக்கொண்டிருக்கிறேன், கண்ணுக்குள் வியர்வை. பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரே சீராக இடைவெளி. மேலே மாமா டார்ச் அடித்துக்கொண்டு நிற்கிறார்.

"எவ்ளோ இருக்கு மாமா?"

"ரெண்டு நூல்."

இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். பெல் ஹவுசிங் போல்ட்டை மாட்டி இறுக்கினால் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று கை ஸ்பேனரைத் தேடியது. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. "போல்ட்ட தொட்டே, காத ஒடச்சுருவே. கியர்ல போடு, ஃபிளேஞ்ச கையால சுத்து." காது என்றால் போல்ட் நுழையும் கூட்டின் நீட்டல். நாலாவது கியரில் போட்டுவிட்டு, ஒரு கையால் ஆக்ஸில் ஃபிளேஞ்சை இம்மி இம்மியாகச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் பாக்ஸின் பின்பக்கத்தைச் சற்றே தூக்கினேன். ஒரு இடத்தில் டக் என்று சின்னச் சத்தம். பல்லும் பல்லும் சேர்ந்தது. பாக்ஸ் தானாகவே நெய்யில் வழுக்குவது மாதிரி உள்ளே போனது. "நூல் இல்ல" என்று மாமா டார்ச்சை அணைத்தார்.

பாக்ஸின் கனம் ஒரு நொடிகூட இன்புட் ஷாஃப்ட்டின் மேல் தொங்கக் கூடாது. தொங்கினால் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும், எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்க்கும் வரை தெரியாது. பெல் ஹவுசிங்கின் பெரிய எம்12 போல்ட்களுக்கு 80 நியூட்டன் மீட்டர். மவுன்ட் போல்ட்களும் நீளும் வகைதான், புதிதாகப் போடுங்கள். அரை நிலாத் தகட்டை இந்த முறை மறக்கவில்லை.

பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 சிந்தெடிக் ஆயில் சுமார் இரண்டு லிட்டர். ஜிஎல்-5 கைக்குக் கிடைக்கிறதே என்று ஊற்றாதீர்கள். கிளட்ச் லைனில் பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புது டாட் 4 விட்டுக் காற்று எடுங்கள். பைப்பைக் கழற்றவே இல்லை என்றாலும் எடுப்பேன், டிராக்கில் சூடேறிய பழைய ஆயிலை நம்ப முடியாது.

பழக்குவது

புதுத் தட்டு முதல் 800 கிலோமீட்டருக்குக் குழந்தை. லாஞ்ச் கிடையாது, முழு ஆக்ஸிலேட்டர் கிடையாது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் 800 ஓட்டினால் அது பழக்கியதாகக் கணக்கு ஆகாது. தட்டு பிடித்து விடுவதைத்தான் எண்ண வேண்டும். அதற்கு அஞ்சு ரோட்டை மிஞ்சிய இடம் சேலத்தில் இல்லை. ஈரடுக்குப் பாலத்தின் மேல் போகாமல் கீழேயே போய், சிக்னலுக்குச் சிக்னல் நின்று, செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் மூட்டை வண்டிக்குப் பின்னால் ஊர்ந்து, பட்டறைக்குப் போய் வந்தே மூன்று வாரத்தில் முடித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக டிராஃபிக்கைச் சபிக்கவில்லை.

அப்புறம் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது மூன்றாவது கியரில் நிதானமாக ஏறி, பாதி வழியில் ஓரமாக நிறுத்தி இறங்கி முகர்ந்து பார்த்தேன். யூக்கலிப்டஸ் வாசம் மட்டும். மேலே போய் ஏரிக்கரையில் ஒரு டீ, குப்பனூர் வழியாக இறக்கம். ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சைப் பாதி பிடித்து வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது?

அதற்குப் பிறகுதான் நாலாவது கியர் சோதனை. முள்ளும் வேகமும் ஒன்றாகவே ஏறின. டிராக்குக்குப் போனால் இப்போது 5,000 சுற்றில் வைத்துக் கிளட்சிலிருந்து காலைத் தூக்குவதில்லை, 3,000க்குச் சற்று மேலே. டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். இரண்டு ஓட்டத்துக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து இருபது நிமிஷம் ஆற விடுகிறேன். நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கூடவில்லை.

ஒற்றை நிறை ஃபிளைவீல் போட்டதற்கு ஒரு விலை உண்டு. ஐடிலில் கியர்பாக்ஸுக்குள் கலகலவென்று ஒரு சத்தம். எஞ்சினின் துடிப்பைத் தின்ன ஸ்பிரிங் இல்லாததால் கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கின்றன. பக்கத்து வீட்டு அத்தை மறுநாள் காலையிலேயே கேட்டார்: "ஏங்கண்ணு, வண்டிக்குள்ள கொலுசு எதையாச்சும் வெச்சு மறந்துட்டியா?" அவருக்குச் செய்து காட்டியதையே உங்களுக்கும் சொல்கிறேன். கியர் நியூட்ரலில், எஞ்சின் ஐடிலில், கிளட்ச் பெடலை முழுக்க மிதியுங்கள். சத்தம் நின்றால் அது கியர் பல், பயப்பட ஒன்றும் இல்லை. மிதிக்கும்போது புதிதாக ஒரு கிரீச் சத்தம் ஆரம்பித்தால் ரிலீஸ் பேரிங், மறுபடி பாக்ஸை இறக்க வேண்டும். நான் மிதித்தேன், நின்றது. விட்டேன், கலகலத்தது. அத்தை இரண்டு தடவை மிதிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கொலுசுக்கு எத்தனை கிராம் ஆகும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.